நாய்க்கடியும் உடையோன் பொறுப்பும்: சட்ட வரலாற்றில் குழந்தையின் இடம்

1. தோற்றுவாய்

வீட்டு நாயொன்று குழந்தையைக் கடித்துவிடுகிறது. காயத்தைக் கழுவி, பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டோடிய பின்னர், அயலில் எழும் கேள்விகள் சிலவே. நாயைக் கட்டி வைத்திருந்தனரா? பிள்ளை அதனைச் சீண்டியதா? அது முன்னரும் எவரையேனும் கடித்ததுண்டா? இக்கேள்விகளை நாம் இயல்பானவை என்றே கொள்கிறோம். உண்மையில் இவை நீண்டதொரு சட்ட வரலாற்றின் எச்சங்களாகும். யார் எதை உடைமையாகக் கொண்டிருந்தனர், யாருடைய உடலுக்கு என்ன பெறுமதி அளிக்கப்பட்டது என்பனவற்றோடு இணைந்தே இக்கேள்விகளும் உருவாகின.

இலக்கிய மாணவராகிய நாம் சட்டத்தை ஆராயப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், பிராணிகளும் பொறுப்பும் பற்றிய சிந்தனை நமது இலக்கிய மரபுக்குப் புதியதன்று. கன்றைத் தேர்க்காலிற் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அதனை விரித்துப் பாடினார். மகாவம்சம் அதே கதையை எல்லாளன்மீது ஏற்றிச் சொல்கின்றது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அக்கதையில் விடுதலைக்குரிய காரணமாகவில்லை. அறியாது நேர்ந்த தீங்குக்கும் ஒருவர் பொறுப்பாவாரா என்ற வினாவே அதன் உட்கரு. அங்கு தீங்கிழைத்தோன் மனிதன்; தீங்குற்றது விலங்கு. நாம் இங்கு நோக்குவது அதன் மறுதலையை.

சட்டம் பொருளாதார அடித்தளத்தின் வெறும் நிழல் என்று கூறி அமைவது எளிது. அது போதிய விளக்கமாகாது. 1842இல் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி எழுதிய இளம் மார்க்ஸ், உடைமையாளரின் நலன் சட்டத்தின் மொழிக்குள் எவ்வாறு புகுந்து கொள்கிறது என்பதைச் சொற்களை ஊன்றி வாசித்தே காட்டினார். அம்முறையே நமக்கும் உகந்தது. சட்டங்களின் சொற்களை நாம் வாசிப்போம்.

2. அறிவிப்பும் வெள்ளியும்

நாய்க்கடி பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விதிகளுள் ஒன்று மெசப்பொத்தேமியாவின் எஷ்நுன்னா நகர்ச் சட்டங்களிற் காணப்படுகின்றது. பக்தாத் நகரையடுத்த தெல் ஹர்மல் என்னுமிடத்தில் 1945, 1947ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் பலகைகளில் இச்சட்டங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. இவை ஏறத்தாழக் கி.மு. 18ஆம் நூற்றாண்டுக்குரியன. நாய் கொடியது என ஊர்ப்பகுதி அதிகாரிகள் உடையவனுக்கு அறிவித்த பின்னரும் அவன் அதனை அடக்கி வையாது, அது ஒருவனைக் கடித்து அவன் இறப்பின், உடையவன் 40 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தல் வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 சேக்கல் போதும்.

இவ்விதியில் இரண்டு கூறுகள் மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, பொறுப்பு அறிவிப்பினால் எழுகின்றது; உடையவன் அறிந்திருந்தான் என்பதே அடிப்படை. இரண்டாவது, இறந்தவனின் சமூக நிலையைப் பொறுத்து வெள்ளியின் நிறை மாறுகின்றது. நாயின் பல் சுயாதீனனையும் அடிமையையும் வேறுபடுத்தவில்லை, சட்டம் வேறுபடுத்தியது. வர்க்க சமுதாயத்தின் தராசு இங்கு ஒளிவுமறைவின்றி நம்முன் நிற்கின்றது.

குழந்தை எங்கே? எஷ்நுன்னாவின் நாய் விதியில் அதற்குத் தனியிடமில்லை. விவிலியத்தின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்திலுள்ள முட்டும் மாடு பற்றிய விதியிலோ, மாடு மகனை முட்டினும் மகளை முட்டினும் அதே நியாயமே செல்லும் என்று வெளிப்படையாகக் கூறப்படுகின்றது. பிள்ளைகளைத் தனித்துக் குறிப்பிட வேண்டியிருந்தது என்பதே சிந்தனைக்குரியது. சமத்துவம் தானாகவே விளங்கியிருப்பின் அதனைச் சொல்ல வேண்டிய தேவை எழுந்திராது. அங்கும் அடிமைக்கு மட்டும் 30 சேக்கல் என்ற நிலையான விலை விதிக்கப்பட்டிருந்தது.

3. உரோமானியச் சட்டம்: விலையிட முடியாத உடல்

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரியதாக மரபு கூறும் பன்னிரு பலகைச் சட்டத்திலிருந்து உரோமானியரின் 'ஆக்ற்றியோ டி போப்பரி' எனும் வழக்குரிமை தோன்றியது. வீட்டு விலங்கு தன் இயல்புக்கு மாறாகத் தீங்கிழைப்பின், உடையவன் நட்டத்தை ஈடுசெய்தல் வேண்டும். அன்றேல் விலங்கையே பாதிக்கப்பட்டோனிடம் ஒப்படைத்தல் வேண்டும். உடையவன் அறிந்தானா, கவலையீனமாக இருந்தானா என்ற கேள்விக்கு இங்கு இடமில்லை. உடைமையே பொறுப்பின் ஊற்று. உடைமையால் வரும் பயனை அனுபவிப்போன் அதனால் வரும் தீங்கையும் ஏற்கவேண்டும் என்பதே இதன் தர்க்கம்.

சந்தையையும் வீதியையும் மேற்பார்வை செய்த 'எடில்' என்னும் அதிகாரிகளின் கட்டளை இதனினும் கடியது. மக்கள் நடமாடும் இடத்தில் நாய், பன்றி, ஓநாய், கரடி, சிங்கம் முதலியவற்றைத் தீங்கு நேரத்தக்க வகையில் வைத்திருத்தலை அது தடுத்தது. சுயாதீன மனிதன் இறப்பின் குறித்த தொகையையும், காயமுறின் நீதிபதி நியாயமெனக் கருதும் தொகையையும், ஏனைய பொருட்சேதத்துக்கு இருமடங்கையும் அது விதித்தது. கொடிய மிருகங்களின் வரிசையில் நாய் முதலாவதாக நிற்பதைக் கவனித்தல் வேண்டும். பொம்பேயி நகர் வீட்டு வாயிலில், நாயைக் குறித்து எச்சரிக்கும் வாசகத்தோடு பதிக்கப்பட்டுள்ள கற்சித்திரம் இன்றும் காணக்கிடைக்கின்றது. நம்மூர்ப் படலைகளில் தொங்கும் 'நாய் கவனம்' பலகையின் மூதாதை அது.

533ஆம் ஆண்டில் யுஸ்தினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் காயுஸ் என்னும் சட்ட அறிஞரின் கருத்தொன்று இடம்பெறுகின்றது. குடும்பத் தலைவனையோ அவனது அதிகாரத்துக்குட்பட்ட மகனையோ விலங்கு காயப்படுத்தினும் வழக்குரிமை உண்டு. ஆயின் வடுவுக்கோ உருக்குலைவுக்கோ பணமில்லை. ஏனெனிற் சுயாதீனனின் உடலுக்கு விலையிட முடியாது. மருத்துவச் செலவும், இழந்த உழைப்பும், இனி இழக்கப்போகும் உழைப்புமே கணக்கில் எடுக்கப்படும்.

இக்கூற்றை மனிதாபிமானத்தின் உச்சமென்று போற்றுவோருளர். அடிமையின் உடலுக்கு விலையுண்டு, அவன் பண்டமாதலின். சுயாதீனனின் உடல் பண்டமன்று. இவ்வளவில் அது மேன்மையானதே. ஆயின் நடைமுறை விளைவு யாது? நாயாற் கடியுண்ட சிறு மகனின் கன்னத்து வடு கணக்கில் வாராது; அவன் கையின் உழைப்பு மட்டும் கணக்கில் வரும். விலைக்கு அப்பாற்பட்டது எனப் போற்றப்பட்ட உடல், உழைப்புச் சக்தியாக மாறிய பின்னரே சட்டத்தின் கண்ணுக்குப் புலனாகின்றது. இன்னும் உழைக்கத் தொடங்காத குழந்தை இத்தர்க்கத்தின் விளிம்பில் நிற்கின்றது.

4. ஆங்கிலப் பொதுச் சட்டம்: ஆட்டுக்கு ஒரு நீதி

ஆங்கிலப் பொதுச் சட்டம் வேறு வழியிற் சென்றது. நாய் போன்ற வீட்டு விலங்கு இயல்பாகவே சாதுவானது என்ற ஊகத்திலிருந்து அது தொடங்கியது. ஆகவே, தனது நாய் மனிதரைத் தாக்கும் சுபாவமுடையது என உடையவர் முன்னரே அறிந்திருந்தார் என்பதை வழக்காளி நிறுவினாலன்றி நட்டஈடு இல்லை. அறிந்து வைத்திருப்பவர் தமது பொறுப்பிலேயே வைத்திருக்கிறார் என்பது, குரங்குக்கடி பற்றிய 1846ஆம் ஆண்டின் மே எதிர் பேர்டெற் வழக்கில் உறுதிசெய்யப்பட்டது. 'ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கடி உரித்து' என்று இவ்விதியைப் பாமர வழக்கிற் சுருக்கிக் கூறுவதுண்டு. அது முற்றிலும் சரியன்று. கடிக்க முனைந்தமையை உடையவர் அறிந்திருந்தாலும் போதுமானது. எனினும் நடைமுறையில் முதலிற் கடியுண்ட குழந்தையின் காயமே, அடுத்துக் கடியுண்ட குழந்தையின் சான்றாகியது. முதற் குழந்தைக்குக் கிடைத்தது வடு மட்டுமே.

1846ஆம் ஆண்டுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. மனிதனைக் கொன்ற விலங்கு, வண்டி முதலியவற்றை முடிக்குரியதாக்கும் 'டியோடாண்ட்' என்னும் பழைய விதி அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. புகையிரத விபத்துகளில் யூரர்கள் பெருந்தொகைகளை விதிக்கத் தலைப்பட்டமை புகையிரத முதலாளிகளுக்கு உவப்பாயிருக்கவில்லை. அதனுடன் ஒருசேர நிறைவேறிய உயிரிழப்பு விபத்துச் சட்டம், இறந்தோரின் குடும்பத்தினருக்கு அவர்கள் இழந்த பொருளாதாரப் பயனுக்கு மாத்திரம் நட்டஈடு வழங்கியது. இதன் தர்க்கம் 1921இல் ஒரு வழக்கில் அப்பட்டமாக வெளிப்பட்டது. ஏறத்தாழ நான்கு வயதுச் சிறுவனின் மரணத்துக்காகத் தந்தை தொடுத்த வழக்கில், அப்பிள்ளையாற் கிடைத்திருக்கக்கூடிய வருவாய் வெறும் ஊகமே எனக் கொள்ளப்பட்டு அக்கோரிக்கை தள்ளப்பட்டது. பிள்ளையை இழந்த பெற்றோரின் துயருக்குக் குறித்த தொகையை இங்கிலாந்துச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1982ஆம் ஆண்டிலேயே.

உடையவர் அறிந்திருந்தார் என்பதை நிறுவுவது எத்துணைக் கடினமாயிருந்தது என்பதற்கு 1896ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று சான்று. முன்னர் ஆடொன்றைக் கடித்த நாய் பின்னர் மனிதரைக் கடித்தது. ஆட்டைக் கடித்ததை அறிந்திருந்தமை, மனிதரைக் கடிக்கும் என்பதை அறிந்திருந்தமை ஆகாது என நீதிமன்றம் கொண்டது.

இனி, மறுபக்கத்தை நோக்குவோம். 1855இல் ஸ்கொத்லாந்து வழக்கொன்றில், ஆடுகளைத் தாக்கிய நாயின் உடையவருக்கும் அறிந்திருந்தமை விதியே பொருந்துமெனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மந்தை உடையோர் வாளாவிருக்கவில்லை. 1862இல் அயர்லாந்துக்கும், 1863இல் ஸ்கொத்லாந்துக்கும், 1865இல் இங்கிலாந்துக்கும் பாராளுமன்றம் சட்டமியற்றியது. மாட்டுக்கோ ஆட்டுக்கோ நாய் தீங்கிழைப்பின், அதன் முந்திய சுபாவத்தை உடையவர் அறிந்திருந்தார் என நிறுவ வேண்டியதில்லை. 1906ஆம் ஆண்டின் சட்டம் இவ்வாதரவை மீள வகுத்துக் குதிரை, கழுதை, பன்றி ஆகியவற்றையும் அடக்கியது. 1928இல் கோழியினமும் சேர்க்கப்பட்டது.

குழந்தை சேர்க்கப்படவில்லை.

இதனை நாம் மிகைப்படுத்திக் கூறவில்லை. 1928ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நாயொன்று முதன்முறையாக அயல்வீட்டுக் கோழியைக் கொன்றால், கோழிக்காரர் கோழியின் மரணத்தை நிறுவினாற் போதும். அதே நாய் முதன்முறையாக அயல்வீட்டுக் குழந்தையின் முகத்தைக் கிழித்தால், குழந்தையின் சார்பில் வழக்குரைப்போர் நாயின் கடந்தகாலத்தையும் அதன் எசமானின் மனத்தையும் அல்லது அவரது கவலையீனத்தையும் நிறுவுதல் வேண்டும். சட்டமியற்றியோர் குழந்தைகளை வெறுத்தவர்கள் என்பது இதன் பொருளன்று. மந்தைக்குப் பாராளுமன்றத்திற் குரல் இருந்தது. அது நிலவுடைமையாளரின் குரல். கடியுண்ட குழந்தைக்கு அத்தகைய குரல் இருக்கவில்லை.

5. எவருடைய அறிவு?

அறிந்திருந்தமை விதியின் இன்னொரு முகமும் உண்டு. பெரிய வீடுகளில் நாயைப் பேணியவர்கள் எசமானர் அல்லர், வேலையாட்களே. நாயின் சுபாவத்தை அறிந்தவர்களும் அவர்களே. 1872ஆம் ஆண்டின் பால்ட்வின் எதிர் கஸெல்லா வழக்கில், நாயைப் பொறுப்பிற் கொண்டிருந்த குதிரை வண்டிக்காரனின் அறிவு எசமானின் அறிவாகக் கொள்ளப்பட்டது. உழைப்பவனின் உழைப்புப் போலவே அவனது அறிவும் எசமானுக்கு உரித்தாயிற்று. ஆயின் இம்முறை அவ்வுரித்து எசமானுக்குச் சுமையாக வந்தது.

இவ்விதி 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தில் நிலைபேறடைந்தது. கடித்த நாயின் அசாதாரண இயல்பை, அல்லது குறித்த சூழ்நிலையில் மட்டும் தோன்றும் இயல்பை, அதனை வைத்திருப்பவர் அறிந்திருந்தால் அவர் பொறுப்பாவார். அவருடைய வேலையாள் அறிந்திருந்தாலும் போதும். அவர் குடும்பத் தலைவராயின், அவ்வீட்டில் நாயை வைத்திருக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை அறிந்திருந்தாலும் போதும். அப்பிள்ளையே நாய்க்கு உடையவராக இருப்பினும் சட்டம் குடும்பத் தலைவரையும் பொறுப்பாளியாக்கும்.

இங்கு வேலையாளும் பிள்ளையும் ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்பதை நாம் கவனித்தல் வேண்டும். இருவரும் குடும்பத் தலைவரின் நீட்சிகளாகக் கொள்ளப்படுகின்றனர். 20ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியை அண்மித்த ஒரு சட்டத்தில், உரோமானியக் குடும்பத் தலைவனின் சாயல் மறையாதிருப்பதை வேறெவ்வாறு விளக்குவது? எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வேற்பாட்டினாற் பயனடைவோர் கடியுண்டோரே. 'எனக்குத் தெரியாது, பிள்ளைக்குத்தான் தெரியும்' என்று தந்தை தப்பிவிட முடியாது. பிற்போக்கான குடும்பக் கருத்துருவம் ஒன்று நியாயமான விளைவைத் தருவதும் வரலாற்றில் உண்டு.

இச்சட்டத்திலும் பழைய ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. கால்நடையைக் கொன்ற அல்லது காயப்படுத்திய நாய்க்கு அதனை வைத்திருப்பவர் அறிவுபற்றிய கேள்வியின்றியே பொறுப்பாவார். மனிதரைக் கடித்த நாய்க்கோ இயல்பும் அறிவும் ஆராயப்படுகின்றன. ஏனைய நாடுகள் வேறு தெரிவுகளைச் செய்துள்ளன. 1900இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் குடியியற் சட்டக்கோவை, விலங்கை வைத்திருப்போரைத் தவறின்றியே பொறுப்பாக்கியது. 1908இல் பிழைப்புக்குப் பயன்படும் வீட்டு விலங்குகளுக்கு மாத்திரம், தகுந்த கவனமெடுத்தமையை நிறுவித் தப்பும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலச் சட்டம் 7 வயதுக்குட்பட்ட குழந்தை நாயைச் சீண்டவில்லை என்றே ஊகிக்கின்றது. சீண்டியது என நிறுவும் சுமை உடையவரைச் சாரும். 'பிள்ளை சீண்டியதா?' என்ற அயலாரின் கேள்விக்கு நாமறிந்த சட்டங்களுள் இதுவே மிகத் தெளிவான விடை.

6. வீட்டுச் சுவர்

1991இல் நாய்த் தாக்குதல்கள் பெருஞ் சர்ச்சையைக் கிளப்பியதைத் தொடர்ந்து, பிரித்தானியப் பாராளுமன்றம் ஆபத்தான நாய்கள் சட்டத்தை விரைந்து நிறைவேற்றியது. பிற் புல் ரெரியர் உட்பட நான்கு வகை நாய்கள் தடைக்குட்பட்டன. பொது இடத்தில் எந்த நாயாயினும் ஆபத்தான வகையிற் கட்டுப்பாட்டை மீறுவது உடையவரின் குற்றமாயிற்று. 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எக்ஸ்.எல். புல்லி வகையும் தடைப்பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

வகை பற்றிய இவ்விவாதத்தில் வர்க்கச் சாயல் இல்லாமலில்லை. தொழிலாளர் குடியிருப்புகளின் நாய் ஆயுதமாகவும், நாட்டுப்புற மாளிகையின் நாய் மரபாகவும் நோக்கப்பட்டன. ஆயினும் குழந்தையின் நிலையிலிருந்து நோக்குங்கால் இதனினும் பாரதூரமானது சட்டத்தில் இருந்த இடைவெளி. பொது இடத்தையே அது முதன்மையாகக் கருதியது. குழந்தைகளைப் பெரும்பாலும் கடிப்பது அவர்கள் அறிந்த நாயே என்பதையும், பெரும்பாலும் வீட்டினுள்ளேயே என்பதையும் பல நாட்டு மருத்துவ ஆய்வுகள் மீள மீளக் காட்டியுள்ளன. அவ்வாறிருந்தும், தன் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அழைப்பின்பேரில் இருந்த குழந்தையைக் குடும்ப நாய் தாக்கினால், அப்பிரிவின்கீழ் உடையவரைக் குற்றவாளியாக்க முடியாதிருந்தது. 2014ஆம் ஆண்டு மே மாதத்திலேயே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இக்குற்றம் தனியார் இடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மரணம் விளையின் 14 ஆண்டு வரையும், காயம் விளையின் 5 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கப்பட்டது.

இருபத்துமூன்று ஆண்டுகள் சட்டம் வீட்டு வாசலில் நின்றது. உடைமையின் சுவர் குடும்பத்தின் சுவரும் ஆகின்றது. அச்சுவருக்குள் நிகழும் வன்முறையைக் காண முதலாளித்துவச் சட்டம் நெடுங்காலம் தயங்கி வந்துள்ளது. மனைவிமீதான வன்முறையிலும் இதே தயக்கத்தையே நாம் காண்கிறோம்.

7. நமது நிலை

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. தேசவழமையும் ஏனைய சிறப்புச் சட்டங்களும் எழுதப்பட்ட சட்டங்களும் பேசாதவிடத்து, இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டமே. காயுஸின் கூற்று அவ்வழியே நமது சட்டத்தின் மூதாதையர் வரிசையிலும் நிற்கின்றது. அதே மரபைப் பேணும் தென்னாபிரிக்காவில், 1927இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நாய்க்கடி வழக்கொன்றில், உடையவர் தவறின்றியே பொறுப்பாவார் என்ற உரோமானிய விதி உயிருடனிருப்பதாக உறுதிசெய்தது. விலங்கை ஒப்படைத்துத் தப்பும் பழைய தெரிவு வழக்கொழிந்தது எனவும் கொண்டது. 2020இல் அந்நாட்டின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம், வீதியால் நடந்துசென்ற ஏழைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் கையைப் பறித்த நாய்களின் உடையவரை, படலையை வேறெவரோ திறந்திருக்கலாம் என்ற வாதத்தை ஏற்காது பொறுப்பாக்கியது. அடிமை உடைமைச் சமுதாயத்திற் பிறந்த விதியொன்று தொழிலாளியின் ஆயுதமாக மாறியது.

நமது நாட்டிற் குடியேற்ற ஆட்சியாளர் 1883இல் தண்டனைச் சட்டக்கோவையையும், 1893இல் விசர்நாய் நோய் பற்றிய கட்டளைச் சட்டத்தையும், 1901இல் நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டத்தையும் இயற்றினர். நோயும் பதிவும் ஆட்சியின் கவனத்தைப் பெற்ற அளவுக்குக் கடியுண்ட பிள்ளையின் நட்டஈடு பெறவில்லை. தண்டப்பணம் அரசுக்குச் செல்கின்றது. வடு பிள்ளையிடமே தங்கிவிடுகின்றது.

சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி மட்டுமன்று, போராட்டக் களமும் ஆகும் என 1975இல் ஈ. பி. தொம்சன் வலியுறுத்தினார். நாய்க்கடியின் வரலாறும் அதனையே உணர்த்துகின்றது. எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. கடும் பொறுப்பு விதி ஏழை உடையவரையும் தாக்கும். கொடுக்க வழியற்றவரிடமிருந்து பெற்ற தீர்ப்பு வெறுந் தாளே. ஆகவே தனிமனிதர் பொறுப்போடு பொதுமருத்துவமும், தடுப்பூசியும், நாய்களின் ஒழுங்கான பராமரிப்பும் சமூகப் பொறுப்பாதல் வேண்டும்.

1830ஆம் ஆண்டில் ஆங்கில நீதிமன்றமொன்றின்முன் வந்தவர், நாயைக் குறித்த எச்சரிக்கைப் பலகை இருந்தும் அதனைப் படிக்கத் தெரியாத ஒருவர். அவருக்கு அப்பலகை பயன்படவில்லை என்பதை நீதிமன்றம் கருத்திற் கொண்டது. குழந்தையின் நிலையும் அதுவே. அதனாற் பலகையைப் படிக்க முடியாது. நாயின் கடந்தகாலத்தை அறிய முடியாது. சாட்சி தேட முடியாது. ஆராய்ச்சி மணியின் கயிறு பசுவுக்கு எட்டும் உயரத்திற் தொங்கியதாகவே நமது கதைகள் கூறின. நமது சட்டத்தின் கயிறு குழந்தைக்கு எட்டும் உயரத்திற் தொங்குகின்றதா என்பதே, இவ்வரலாற்றை வாசிப்போர் கேட்க வேண்டிய கேள்வியாகும்.